ஆலையில் வார்க்கப்படும் வீடுகள்: வேகத்துக்கு யார் விலை கொடுப்பது?

அடுத்த சில ஆண்டுகளில் நாம் கட்டப்போகும் வீடுகளின் எண்ணிக்கை பெரியது. பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம், ஐந்து ஆண்டுகளில் ஒரு கோடி நகர்ப்புறக் குடும்பங்களுக்கு உதவுவதாக அறிவித்து 2024 செப்டம்பரில் தொடங்கியது. தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் 8 இலட்சம் கான்கிரீட் வீடுகள் என்ற இலக்கைக் கொண்டுள்ளது. பணம் எங்கிருந்து வரும் என்று எல்லோரும் கேட்கிறோம். எந்தக் கைகள் கட்டும் என்று கேட்பவர் குறைவு.

தமிழகத்தில் கொத்தனாரின் மகன் கொத்தனாராகும் காலம் முடிந்துவிட்டது. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வரும் தொழிலாளர்கள் அந்த இடத்தை நிரப்புகின்றனர். அவர்கள் தீபாவளிக்கும் சத் பூஜைக்கும் தேர்தலுக்கும் ஊர் திரும்பினால் கட்டுமானத் தளங்கள் வெறிச்சோடுகின்றன. இந்த நெருக்கடிக்குத் தீர்வாக முன்வைக்கப்படுவதுதான் முன்வார்ப்பு முறை. சுவர், தளம், தூண், உத்திரம், படிக்கட்டு ஆகியவற்றை ஆலையில் கான்கிரீட்டாக வார்த்து, வண்டியில் ஏற்றிச் சென்று, தளத்தில் கிரேன் கொண்டு பொருத்தும் முறை அது.

இது நமக்கு முற்றிலும் புதியதன்று. கிணற்று உறையும், நெடுஞ்சாலையோரம் அடுக்கிவைத்து விற்கப்படும் ரெடிமேட் காம்பவுண்டுச் சுவரும் முன்வார்ப்புப் பொருள்களே. ஆனால் காம்பவுண்டுச் சுவர் விழுந்தால் தோட்டம் கெடும். குடியிருக்கும் வீட்டின் தளம் விழுந்தால் குடும்பம் அழியும். ஆகவே கட்டடத்தின் பாரத்தைத் தாங்கும் கூறுகளைச் செய்யும் தொழிலை, பாதுகாப்பாகவும் திறமையாகவும் நடத்துவது எப்படி என்பது ஆலை உரிமையாளரின் கவலை மட்டுமல்ல. அது பொதுக்கொள்கையின் கவலையும் ஆகும்.

சென்னையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒன்றிய அரசு ஆறு நகரங்களில் ஆறு வெவ்வேறு தொழில்நுட்பங்களைச் சோதித்த கலங்கரை விளக்கத் திட்டங்களுள் ஒன்று பெரும்பாக்கத்தில் அமைந்தது. 2021 ஜனவரி 1-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, முன்வார்ப்புக் கான்கிரீட் முறையில் 1,152 வீடுகள் எழுப்பப்பட்டு, 2022 மே 26-இல் திறக்கப்பட்டன. கரோனா இரண்டாம் அலை குறுக்கிட்ட 17 மாதங்கள் அவை. வேகம் சாத்தியம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் வேகம் தொழிலைக் காப்பாற்றிவிடும் என்று நம்புவதற்கு வரலாறு இடம் தரவில்லை.

தில்லி கற்றுத்தந்த பாடம்

பிரிவினைக்குப் பின் வந்துசேர்ந்த அகதிகளுக்கு வீடு கட்ட, நேரு அரசு தில்லியில் ஒரு வீட்டுத் தொழிற்சாலையை நிறுவியது. ஒன்றிய அரசின் வீட்டுவசதி இயக்குநராக இருந்த ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஓட்டோ கேனிக்ஸ்பெர்கர் அதில் பெரும் நம்பிக்கை வைத்திருந்தார். வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தில் வார்க்கப்பட்ட இலேசான கான்கிரீட் பலகைகள் விரிசல் கண்டன, இணைப்புகள் சரிவரப் பொருந்தவில்லை, செலவும் கூடியது. திட்டம் நாடாளுமன்றத்தில் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 1951-இல் அவர் இந்தியாவைவிட்டு வெளியேறினார். அந்த ஆலை பின்னர் வேறு பொருள்களுக்கு மாறி, ஹிந்துஸ்தான் ப்ரீஃபேப் என்ற பொதுத்துறை நிறுவனமாகத் தொடர்ந்தது.

இதிலிருந்து பொருளியல் மாணவர் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஆலையில் செய்தால் தானாகவே மலிவாகிவிடும் என்பது தவறான எண்ணம். முன்வார்ப்பு ஆலையில் நிலையான செலவு மிக அதிகம். எஃகு அச்சுகள், வார்ப்புப் படுகைகள், கேன்ட்ரி கிரேன்கள், கலவை நிலையம், அடுக்கிவைக்கும் பரந்த முற்றம் ஆகியவற்றில் முடங்கும் பணத்துக்கு வட்டி, வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும். கொத்தனாரை வைத்துக் கட்டும் ஒப்பந்ததாரர், வேலை இல்லாத மாதத்தில் ஆள்களை அனுப்பிவிடலாம். கிரேனை ஊருக்கு அனுப்ப முடியாது.

போக்குவரத்தும் எல்லை வகுக்கிறது. 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 15 செ.மீ. பருமன் கொண்ட ஒரு சுவர்ப் பலகையின் எடை ஏறத்தாழ 3.4 டன். இதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பினால் ஆலையில் மிச்சப்படுத்தியதை டீசலில் இழக்க நேரும். ஆக, ஆலையைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் தொடர்ச்சியான தேவை இருந்தால் மட்டுமே இத்தொழில் பிழைக்கும். சிங்கப்பூரில் எண்பதுகளில் இது வேரூன்றியதற்கு முதற்காரணம், வீட்டுவசதி வளர்ச்சிக் கழகம் என்ற ஒரே பெரிய வாடிக்கையாளர் ஆண்டுதோறும் தவறாமல் வாங்கியதுதான். எளிதில் கட்டத்தக்க வடிவமைப்புக்குக் குறைந்தபட்ச மதிப்பெண்ணை அந்நாடு 2001-இல் சட்டமாக்கியது அதற்குப் பிறகே.

அதிகாலை ஐந்து மணி முடிவு

இங்கே பாதுகாப்பு எங்கே வருகிறது? ஆலையின் அன்றாடச் சுழற்சியைப் பார்த்தால் புரியும். இன்று பிற்பகல் வார்த்த பலகையை நாளைக் காலை அச்சிலிருந்து எடுத்தால்தான் அதே அச்சில் அடுத்த பலகையை வார்க்கலாம். ஒரு நாளுக்கு ஒரு சுழற்சி என்பதே கணக்கு. ஆனால் ஒரு நாள் வயதுடைய கான்கிரீட் தன் முழு வலிமையில் ஒரு பகுதியையே எட்டியிருக்கும். ஐப்பசி மழையிலும் மார்கழிக் குளிரிலும் அதுவும் தாமதமாகும். வார்க்கும்போதே எடுத்துவைத்த மாதிரிக் கனசதுரத்தை உடைத்துப் பார்த்து, குறித்த வலிமை வந்துவிட்டதா என்று உறுதிசெய்த பிறகே பலகையைத் தூக்க வேண்டும்.

அதிகாலை ஐந்து மணிக்கு அந்தச் சோதனை தோற்றால் மேலாளர் என்ன செய்வார்? காத்திருந்தால் ஒரு சுழற்சி போய்விடும். தளத்தில் கிரேன் வாடகை ஓடும். தாமதத்துக்கு அபராதம் விழும். தூக்கிவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பலகை அச்சோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது அதைப் பிரித்தெடுக்க அதன் எடையைவிடக் கூடுதலான விசை தேவைப்படும். முதிராத கான்கிரீட்டில் பதித்த தூக்குக் கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்தால், மூன்று டன் எடை கீழே நிற்பவர்மீது விழும். அல்லது, அன்று எதுவும் நடக்காமல், கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு அந்தப் பலகை யாரோ ஒருவரின் படுக்கையறைச் சுவராகிவிடும்.

இந்த முடிவை எடுக்கும் மேலாளரைத் தீயவர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பொருளியல் அப்படிப் பார்ப்பதில்லை. இலாபம் இன்றே கைக்கு வருகிறது. இழப்பு என்றோ ஒருநாள் வரலாம். அதுவும் பெரும்பகுதி வேறொருவர் தலையில் விழுகிறது. இத்தகைய கணக்கில் நல்லவரும் மெல்ல மெல்ல வழுக்குவார்.

அந்த இழப்புக்குச் சட்டம் வைக்கும் விலையையும் பார்ப்போம். இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குள் வராத தொழிலாளி பணியிட விபத்தில் இறந்தால், மாத ஊதியத்தில் பாதியை வயதுக்கேற்ற காரணியால் பெருக்கி இழப்பீடு கணக்கிடப்படுகிறது. 2020-இல் அறிவிக்கப்பட்டபடி, ஊதியம் எவ்வளவாக இருந்தாலும் கணக்கில் கொள்ளும் உச்சவரம்பு ரூ.15,000. முப்பது வயதுக்குரிய காரணி 207.98. ஆகவே ரூ.7,500-ஐ அதனால் பெருக்க, ஏறத்தாழ ரூ.15.6 இலட்சம். நடுத்தர விலையுள்ள ஒரு காரின் விலை. முதலாளி காப்பீடு எடுத்திருந்தால் அதுவும் அவர் கையிலிருந்து போகாது.

இரண்டு முற்றங்கள்

பணி ஓய்வுக்குப் பிறகு, என் பழைய மாணவர்கள் சிலரின் உதவியோடு சென்னையைச் சுற்றியுள்ள சில முன்வார்ப்பு ஆலைகளைச் சென்று பார்த்தேன். அவற்றுள் இரண்டை ஒப்பிட்டால் போதும்.

ஓர் ஆலையில் முற்றமே தெரியாதபடி பலகைகள் தாறுமாறாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. வேண்டிய பலகையை எடுக்க வேறு மூன்றை நகர்த்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு நகர்த்தலிலும் கிரேனின் நேரம் வீணாயிற்று. ஒவ்வொரு நகர்த்தலிலும் யாராவது ஒருவர் தொங்கும் பாரத்தின் அடியில் நுழைந்து வெளிவந்தார். கேட்டபோது, ‘ஆர்டர் வரும்போது எல்லாம் ஒரேயடியாக வருகிறது, சார், வராதபோது ஆறு மாதம் வருவதில்லை’ என்றார் பொறுப்பாளர்.

மற்றோர் ஆலையில் ஒவ்வொரு பலகைக்கும் எண் இருந்தது. எந்தத் தேதியில், எந்தக் கலவையில், எந்த அச்சில் வார்க்கப்பட்டது என்பது அந்த எண்ணிலிருந்து தெரியும். தளத்தில் பொருத்தப்படும் வரிசைக்கு நேர் எதிர்வரிசையில் வண்டியில் ஏற்றினார்கள். மனிதர் நடக்கும் பாதையும் பாரம் நகரும் பாதையும் மஞ்சள் கோட்டால் பிரிக்கப்பட்டிருந்தன. முன்தகைவுப் படுகையில் கம்பிவடத்தை இழுக்கும்போது, அதன் இரு முனைகளுக்கும் எதிரே எவரும் நிற்காதபடி தடுப்பு இருந்தது. 12.7 மி.மீ. பருமனுள்ள ஒரு வடத்தை ஏறத்தாழ 14 டன் விசையோடு இழுக்கிறார்கள். அது நழுவினால் ஈட்டியாகப் பாயும். அந்த ஆலையில் ஆள்கள் ஓடவில்லை. அமைதியாக நடந்தார்கள். உற்பத்தி முதல் ஆலையைவிட அதிகம்.

பாதுகாப்புக்குச் செலவிட்டால் திறன் குறையும் என்ற கருத்து இத்தொழிலைப் பொறுத்தவரை பெரும்பாலும் பொய். விபத்தையும் விரயத்தையும் உண்டாக்கும் காரணங்கள் ஒன்றே: ஒழுங்கற்ற முற்றம், கடைசி நேர வடிவமைப்பு மாற்றம், பயிற்சியற்ற ஆள், ஏற்ற இறக்கமான ஆர்டர். முதல் மூன்றை மேலாளர் திருத்தலாம். நான்காவதை அவரால் திருத்த முடியாது. அதைத் திருத்தக்கூடியவர் பெரிய வாடிக்கையாளராகிய அரசு.

இணைப்பில் இருக்கிறது உயிர்

ஆலைக்குள் நடப்பது பாதி. மறுபாதி, கூறுகள் ஒன்றோடொன்று இணையும் இடத்தில் இருக்கிறது. 1968 மே 16-ஆம் நாள் காலை, லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பின் 18-ஆவது மாடியில் எரிவாயு வெடித்தது. ஒரு சுவர்ப் பலகை வெளியே தள்ளப்பட, அதன்மேல் நின்றவை சரிந்து கீழிருந்தவற்றையும் நொறுக்கின. கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் இடிந்தது. நால்வர் இறந்தனர். மக்கள் குடியேறி இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. 1986-இல் அதைப் பிரித்தபோது, இணைப்புகள் எவ்வளவு அலட்சியமாக நிரப்பப்பட்டிருந்தன என்பது வெளிப்பட்டது.

1988 டிசம்பரில் ஆர்மீனியாவைத் தாக்கிய நிலநடுக்கத்தில், லெனினகான் நகரத்தின் ஒன்பது மாடி முன்வார்ப்புச் சட்டகக் கட்டடங்கள் பெருமளவில் இடிந்தன. அதே நகரத்தில், பெரிய சுவர்ப் பலகைகளால் ஆன முன்வார்ப்புக் கட்டடங்கள் நின்றன. 2001 ஜனவரி 26-இல் குஜராத்தின் பூஜ் நிலநடுக்கத்தில், சில ஆண்டுகளுக்கு முன்பே கட்டப்பட்ட முன்வார்ப்புப் பள்ளிக் கட்டடங்கள் பல சரிந்தன. கூரைப் பலகைகள் ஒன்றோடொன்றும் உத்திரத்தோடும் போதிய அளவு பிணைக்கப்படவில்லை. குடியரசு நாள் என்பதால் வகுப்புகள் நடக்கவில்லை.

முன்வார்ப்பு முறையே ஆபத்தானது என்று இதற்குப் பொருளல்ல. தளத்திலேயே வார்த்துக் கட்டிய கட்டடமும் விழும் என்பதை, 2014 ஜூன் 28-இல் 61 உயிர்களைப் பறித்த மௌலிவாக்கம் நமக்குக் காட்டியது. ஆனால் முன்வார்ப்பில் தவறு ஒளிந்துகொள்ளும் இடம் குறிப்பானது: இணைப்பு. பூச்சு பூசிய பிறகு அது எவர் கண்ணுக்கும் தெரியாது. நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை. முன்வார்ப்புக் கட்டுமானத்துக்கென இந்தியத் தர நிர்ணயம் 15916 இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் தனிப்பிரிவும் உண்டு. விதியைக் களத்தில் சரிபார்க்கும் ஆள் யார் என்பதே கேள்வி.

சட்டமும் வரியும் செய்வது என்ன?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. பணிப் பாதுகாப்புத் தொகுப்பின்படி, மின்விசை பயன்படுத்தும் இடம் ‘ஆலை’ எனக் கருதப்பட 20 தொழிலாளர்கள் இருக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அது 10. பத்துப் பேர் உள்ள இடங்களுக்குப் பொதுவான கடமைகள் பொருந்தும் என்றாலும், ஆலைக்கே உரிய கண்காணிப்பு 20-இல்தான் தொடங்கும். பாதுகாப்பு அலுவலரைக் கட்டாயமாக நியமிக்கும் வரம்பு 1,000-இலிருந்து 500 ஆகக் குறைக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆனால் 500 பேரை நேரடியாக வைத்திருக்கும் முன்வார்ப்பு ஆலைகள் நம்மிடம் எத்தனை இருக்கும்? பதினைந்து பேரும் ஒரு கிரேனும் உள்ள முற்றத்திலும் தூக்கப்படும் பலகையின் எடை அதே மூன்று டன்தான். ஆள் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டால், ஆபத்து அளவுகோலுக்கு வெளியே போய்விடுகிறது.

வரியின் கதையும் இதைப் போன்றதே. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் மீதான சரக்கு-சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. முன்வார்ப்புக் கூறுகளுக்கும் 18 விழுக்காடு. ஆனால் 2019 ஏப்ரல் முதல், அடுக்குமாடி வீடு விற்கும் கட்டுநர் 1 அல்லது 5 விழுக்காடு வரி செலுத்தினால் போதும். உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஒரு கற்பனைக் கணக்கு: ரூ.100 மதிப்புள்ள பலகையில் மூலப்பொருள் ரூ.60, கூலி, அச்சு, இலாபம் ரூ.40 என்று கொள்வோம். ஆலையில் வாங்கினால் அந்த ரூ.40-க்கும் 18 விழுக்காடு, அதாவது ரூ.7.20 வரி சேர்கிறது. கட்டுநர் அதைத் திரும்பப் பெற முடியாது. பதிவுபெறாத மேஸ்திரியிடம் கூலிக்கு விட்டுத் தளத்திலேயே வார்த்தால் அந்தப் பகுதிக்குப் பெரும்பாலும் வரி இல்லை. கணக்கு வைத்து, பி.எஃப். கட்டி, சோதனைக்கூடம் நடத்துபவருக்கு வரி. எதுவும் இல்லாதவருக்குச் சலுகை.

மூன்றாவது, ஒப்பந்தப்புள்ளி. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத் தன்மைச் சட்டம் 1998, ஊழலைத் தடுக்கும் நல்ல நோக்கத்தோடு குறைந்த விலையை முதன்மைப்படுத்தியது. தரத்தை அளக்காமல் விலையை மட்டும் அளந்தால், தரத்தைக் குறைப்பவரே வெல்வார். சுழற்சியைக் காக்கக் கனசதுரச் சோதனையைத் தவிர்ப்பவரின் விலை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

செய்யக்கூடியவை

முதலாவதாக, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், வீட்டுவசதி வாரியம், பொதுப்பணித்துறை ஆகியவை தங்கள் மூன்றாண்டுத் தேவையைச் சேர்த்து முன்கூட்டியே வெளியிட வேண்டும். கதவு, சன்னல், படிக்கட்டு, தளம் ஆகியவற்றின் அளவுகளைப் பொதுவாக்க வேண்டும். ஓர் அச்சு நூறு முறை பயன்பட்டால் ஒரு விலை. பத்து முறை பயன்பட்டால் வேறு விலை. அரசுக்கு ஒரு ரூபாயும் கூடுதல் செலவு வைக்காத சீர்திருத்தம் இது.

இரண்டாவதாக, பாரம் தாங்கும் கூறுகளை வார்க்கும் எந்த இடத்தையும், ஆள் எண்ணிக்கையைப் பாராமல், பதிவுக்கும் ஆய்வுக்கும் உட்படுத்த வேண்டும். ஒவ்வொரு கூறுக்கும் அழியாத எண் வேண்டும். அதன் சோதனை விவரம் கட்டடத்தின் ஆவணத்தோடு சேர்ந்து வீடு வாங்குபவர் கைக்கு வர வேண்டும்.

மூன்றாவதாக, இணைப்புகளை மூடுவதற்கு முன் சுதந்திரமான மூன்றாம் தரப்பு ஆய்வு கட்டாயமாக்கப்பட வேண்டும். தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவை நம் வாசலிலேயே இருக்கின்றன. ஆய்வுக் கட்டணத்தை ஒப்பந்ததாரர் நேரடியாகத் தராமல் துறை தர வேண்டும். கூலி கொடுப்பவரைக் குறைகூறும் ஆய்வாளர் அரிது.

நான்காவதாக, இத்தகைய பணிகளில் விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் அளிக்க வேண்டும். ஒன்றிய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட நெறிமுறைகள், தகுதியுள்ள பணிகளில் விலை சாராத கூறுகளுக்கு 30 விழுக்காடு வரை எடை தர இடமளித்துள்ளன. கடந்த ஆண்டுகளின் விபத்துப் பதிவு அந்த மதிப்பெண்ணில் இடம்பெற வேண்டும். அப்போது விபத்து, அடுத்த ஒப்பந்தத்தை இழக்கச் செய்யும் செலவாகிவிடும். இழப்பீட்டுத் தொகை செய்யத் தவறுவதை அது செய்யும். ஆலைக்கூறுகளுக்கும் தளவார்ப்புக்கும் இடையிலான வரி வேறுபாட்டை நீக்க, சரக்கு-சேவை வரி மன்றத்தில் தமிழகம் குரல் எழுப்பலாம்.

ஐந்தாவது, மனிதர்கள். கட்டுமானத் தளத்தில் நம் பெண்கள் சித்தாளாகச் சேர்ந்து சித்தாளாகவே ஓய்வு பெறுகிறார்கள். கரண்டி அவர்கள் கைக்கு வருவதே இல்லை. வெயிலும் உயரமும் இல்லாத, ஒரே இடத்தில் நிலையான வேலை தரும் ஆலை, அவர்களைக் கிரேன் இயக்குநராக, தரப் பரிசோதகராக, அச்சு அமைப்பவராக உயர்த்தும் வாய்ப்பு. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில், கட்டுமானச் செலவில் வசூலிக்கும் ஒரு விழுக்காடு வரியின் நிதி இருக்கிறது. அதிலிருந்து ஐ.டி.ஐ.க்களில் முன்வார்ப்புப் பயிற்சி தொடங்கலாம். புலம்பெயர் தொழிலாளருக்கு ஒடியாவிலும் இந்தியிலும் பாதுகாப்புப் பயிற்சி தர வேண்டும். தமிழில் எழுதிய எச்சரிக்கைப் பலகையைப் படிக்கத் தெரியாதவர்தான் பல முற்றங்களில் அந்தப் பலகையின் அடியில் நிற்கிறார்.

இவற்றால் செலவு கூடாதா என்று கேட்கப்படும். தொடக்கத்தில் சிறிது கூடலாம். ஆனால் அந்தச் செலவு இன்றும் இல்லாமல் இல்லை. கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாமல், ஒடிசாவில் ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு குடும்பமும், பத்து ஆண்டுகள் கழித்து விரிசல் விழுந்த சுவரைப் பார்த்து நிற்கும் ஒரு வீட்டுக்காரரும் அதைச் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள். அதை ஒப்பந்தப்புள்ளியின் விலைப் பட்டியலில் வெளிப்படையாக எழுதுவோம் என்பதே என் வேண்டுகோள். ஒரு கோடி வீடுகளுக்கான ஒப்பந்தங்கள் எழுதப்படும் காலம் இது. அச்சில் ஊற்றிய பிறகு கான்கிரீட்டின் வடிவத்தை மாற்ற இயலாது. கொள்கையை இப்போதே மாற்றலாம்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).